எடைமேடைக்கு முதலிலேயே போயிருக்கலாம்

பட்டறை மூலையில் என் வண்டியின் முன்சக்கரங்களுக்காக வாங்கின இரண்டு ஜோடி ஸ்பிரிங் சும்மா கிடக்கிறது. ஒரு ஜோடி 800 பவுண்டு விறைப்பு, இன்னொன்று 500. இரண்டும் நல்ல சரக்குதான், பெயின்ட்கூட முழுசாகப் போகவில்லை. வண்டியில் இப்போது ஓடுவது மூன்றாவதாக வாங்கிய 650. இந்த மூன்றுக்கும் நான் கொடுத்த காசை வீட்டில் இன்னும் சரியாகச் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஆனால் எங்கே தப்பு செய்தேன் என்பதைச் சொல்லலாம், ஏனென்றால் அதே தப்பைச் செய்யப்போகிற ரெண்டு பேர் போன மாதம் என்னிடமே வந்து "அண்ணே, என்ன ஸ்பிரிங் போட்டா நல்லா இருக்கும்?" என்று கேட்டார்கள்.

எனக்கு வேலை படகு இன்ஜின் ரிப்பேர். இருப்பது மண்டபம் பக்கம். கூப்பிட்டால் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரை போவேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடுகிறவரை எந்த வண்டியானாலும் சரிதான். தார் ரோட்டை விட்டு இறங்கிக் கரைக்குப் போகிற கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரில்தான் பிரச்சினை. சீமைக்கருவேல முள்ளுக்குள் புகுந்து போகிற மண் தடம், கரிமூட்டத்துக்கு லாரி ஓடி ஓடி நெளி நெளியாகிப்போன பாதை, உப்பளக் கரை, அப்புறம் கால் புதையும் மணல். பின்னால் டூல் பெட்டி, ஜெனரேட்டர், சில நாள் ஒரு முழு இன்ஜின், சில நாள் யாராவது கெஞ்சிக் கேட்டால் ஐஸ் பெட்டி. வண்டி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். முன்னால் இரட்டை விஷ்போனும் (சக்கரத்தைப் பிடிக்கிற மேல் ஆர்ம், கீழ் ஆர்ம்) காயில் ஸ்பிரிங்கும், பின்னால் பிளேட் செட் (பட்டை பட்டையாக அடுக்கின ஸ்பிரிங்).

கம்பெனி ஷாக் (ஷாக் அப்சார்பர்) ஒன்று எண்ணெய் கக்க ஆரம்பித்ததும், மாற்றுவதுதான் மாற்றுகிறோம் நல்லதாகவே போடுவோம் என்று காயிலோவர் வாங்கினேன். தெரியாதவர்களுக்காக ஒரு வரி: ஷாக்கின் உடம்பிலேயே மரை வெட்டி, அதில் ஒரு காலர் நட் ஏறி இறங்கும், அந்தக் காலர் மேல் ஸ்பிரிங் உட்காரும். காலரைத் திருகினால் வண்டி உயரும், தளர்த்தினால் இறங்கும். ஸ்பிரிங்கை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். வசதியான சாமான், அந்த வசதிதான் என்னைக் கெடுத்தது.

விற்ற கடைக்காரர் கேட்ட ஒரே கேள்வி, "வின்ச் போடுவீங்களா?" என்பது. வின்ச் என்றால் புதைந்த வண்டியை வடம் சுற்றி இழுக்கிற மோட்டார், வண்டிக்கு முன்னால் மாட்டுவது. போடுகிற எண்ணம் இருக்கிறது என்றேன். "அப்ப 800 எடுங்க, கவலையே இல்ல" என்றார். 800 என்றால் ஸ்பிரிங்கை ஒரு அங்குலம் அமுக்க 800 பவுண்டு எடை வேண்டும். நமக்குப் பழகிய கணக்கில் சொல்வதானால் 56-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: ஒரு மில்லிமீட்டர் அமுக்க 14.3 கிலோ. பார்ப்பதற்கு எடுப்பாக நிற்கட்டும் என்று காலரை 40 மி.மீ. திருகி ஏற்றியும் கொடுத்துவிட்டார். நின்றது. யானைக்குட்டி மாதிரி நின்றது. நான்கு பேர் வந்து போட்டோ எடுத்தார்கள்.

ஓட்டினபோதுதான் தெரிந்தது. கச்சான் காற்று வீசுகிற நாளில் வெறும் வள்ளத்தில் போயிருந்தால் உங்களுக்குப் புரியும், அலை ஏறி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் அணியம் (வள்ளத்தின் முன்முனை) தண்ணீரில் "பளார் பளார்" என்று அறைகிற மாதிரி இருந்தது. அதைவிட மோசம், சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் முன்னால் "டக்" என்று ஒரு சத்தம். பால் ஜாயின்ட் போய்விட்டதோ என்று இரண்டு தடவை பிரித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மூக்கையூருக்குப் போகும் வழியில் ஒருநாள், செட் பண்ணிச் சாக்கில் சுற்றிப் பக்கத்து சீட்டில் வைத்திருந்த டீசல் பம்ப் துள்ளிக் கீழே விழுந்து டெலிவரி யூனியன் நசுங்கிவிட்டது. ஓனர் கரையில் காத்திருக்கிறார், கையில் நசுங்கின பம்ப்போடு நான் போய் நிற்கிறேன். அன்றைக்குக் கிளம்பின கோபத்தில், வீட்டுக்கு வந்த கையோடு 500 பவுண்டு ஜோடிக்கு ஆர்டர் போட்டேன். ஏன் 500? மென்மையாக இருக்கும் என்று. வேறு எந்தக் கணக்கும் கிடையாது.

அதே மாதம் வின்ச்சும் வந்துவிட்டது. கம்பெனி பம்பருக்குப் பின்னால் அதைத் தாங்க ஒரு இரும்புக் கட்டு, கீழே அடித்தகடு, இரண்டாவது பேட்டரி எல்லாம் சேர்ந்து 105 கிலோ. (முன்னால் கம்பி பம்பர் வேண்டுமென்றே போடவில்லை. அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியாயிற்று, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைக் காட்டி. அது மோதலில் ஏர்பேக் வேலையையும் கெடுக்கும், ரோட்டில் நடப்பவர் காலையும் உடைக்கும்.) 500 போட்ட முதல் வாரம் சொர்க்கம். ஸ்பீடு பிரேக்கர் இருப்பதே தெரியவில்லை. மணலில் மிதந்தது. வாலிநோக்கம் உப்பளப் பக்கம் ஒரு வரப்பைக் கொஞ்சம் வேகமாக ஏறி இறங்கினேன் பாருங்கள், "கணார்" என்று இரும்பும் இரும்பும் மோதின சத்தம், ஸ்டீயரிங் வழியாக முழங்கை வரை வந்தது. ஷாக் மூடும்போது கடைசியில் தாங்குகிற ரப்பர் ஸ்டாப்பரில் இடித்தால் "தொப்" என்றுதான் கேட்கும். இது அது இல்லை.

கீழக்கரையில் மீன் லாரிகளுக்கு பிளேட் செட் கட்டுகிற ஒரு காக்கா (அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) இருக்கிறார். காயிலோவர் எல்லாம் அவர் வேலை கிடையாது, ஆனால் ஸ்பிரிங் என்றால் நாற்பது வருஷமாகத் தொட்டுக்கொண்டிருக்கிற கை. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். முன்சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே பார்த்தார். சுற்றும் சுற்றும் தொடுகிற இடத்தில் பெயின்ட் ஒரு கோடு மாதிரி தேய்ந்து, இரும்பு பளபளவென்று தெரிந்தது.

"தம்பி, ஷாக் மூடுறதுக்கு முன்னாடி ஸ்பிரிங் கட்டையாயிடுது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. அப்புறம் அது ஸ்பிரிங் இல்ல, குழாய்."

அடுத்து ஒரு கேள்வி கேட்டார்: "முன்னச்சு எடை என்ன?"

எனக்குத் தெரியாது. இரண்டு ஜோடி ஸ்பிரிங் வாங்கியிருக்கிறேன், அந்த ஸ்பிரிங் எத்தனை கிலோவைச் சுமக்கப்போகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. காக்கா சிரிக்கக்கூட இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

லாரி எடைமேடை நம் பக்கம் பஞ்சமா? உப்பு, கரி, நெல் என்று எல்லாம் அங்கேதான் ஏறி இறங்குகிறது. ஆளில்லாத நேரம் பார்த்துப் போனால் டீக்காசுக்குப் போட்டுத் தருவார்கள். முழு வண்டியை ஒரு தடவை, முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒரு தடவை, பின்சக்கரம் மட்டும் ஒரு தடவை. டீசல் பாதி டேங்க், நான் சீட்டில், வழக்கமான டூல் பெட்டி பின்னால். மேடை 10 கிலோ படியில்தான் காட்டும், இந்த வேலைக்கு அது போதும். மேடையும் சுற்றியுள்ள தரையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், சாய்வாக இருந்தால் அச்சு எடை தப்பாக வரும்.

முன்னச்சு 1,200 கிலோ. வின்ச்சும் மற்றதும் கழற்றி இன்னொரு நாள் போட்டுப் பார்த்தேன், 1,080. சாமான் 105 கிலோதான், முன்னச்சில் 120 கூடியிருக்கிறது, பின்னச்சில் 20 குறைந்திருக்கிறது. சக்கரத்துக்கும் முன்னால் தொங்குகிற எடை தராசுத் தட்டு மாதிரி பின்பக்கத்தைத் தூக்கிவிடுகிறது. அதோடு இன்னொன்றும் பார்த்தேன். ஐஸ் பெட்டி 300 கிலோ ஏற்றினாலும் முன்னச்சு எடை மேடையில் தெரிகிற அளவுக்கு மாறவில்லை, ஏனென்றால் பெட்டி உட்காருவது பின்னச்சுக்கு நேர் மேலே. "லோடு அடிக்கிறேன், அதனால முன்னால விறைப்பா வேணும்" என்று நான் பேசிக்கொண்டிருந்ததெல்லாம் வெட்டிப்பேச்சு.

இனி கணக்கு. பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

ஒரு பக்கச் சக்கரத்துக்கு 600 கிலோ. அதில் சக்கரம், டயர், ஹப், பிரேக், ஆர்மில் பாதி இவை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை, ஸ்பிரிங் அதைச் சுமப்பதில்லை. அதற்கு 60 கழித்தேன். மீதி 540. ஆனால் ஷாக் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லை, உள்ளே தள்ளி கீழ் ஆர்மின் நடுவில் சாய்வாக உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் 100 மி.மீ. ஏறினால் ஷாக் 100 மூடாது. எவ்வளவு மூடும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், அதை யாரும் சொல்லி நம்ப வேண்டாம், அளந்துவிடுங்கள். நான் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வெறும் ஷாக்கை மாட்டினேன், வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஹப்புக்குக் கீழே ஜாக்கி வைத்து 20 மி.மீ. 20 மி.மீ. ஆக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் ஷாக்கின் நீளத்தை அளந்தேன். சராசரி 0.56 வந்தது. அதாவது சக்கரம் 100 ஏறினால் ஷாக் 56.

இந்த 0.56 இரண்டு தடவை வேலை செய்யும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். எடை கணக்கில் ஒரு தடவை: 540-ஐ 0.56-ஆல் வகுத்தால், நிற்கிற வண்டியில் ஸ்பிரிங் மேல் உட்காருவது ஏறத்தாழ 964 கிலோ. விறைப்புக் கணக்கில் இரண்டு தடவை: சக்கரம் உணருகிற விறைப்பு, ஸ்பிரிங் விறைப்பை 0.56-ஆல் பெருக்கி மறுபடியும் 0.56-ஆல் பெருக்கினது. 800 பவுண்டு ஸ்பிரிங் 14.3 என்றால் சக்கரத்துக்குத் தெரிவது 4.5 கிலோதான்.

அடுத்தது ஆட்டக் கணக்கு. ஷாக்கே இல்லாமல் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டியின் முன்பக்கம் நிமிடத்துக்கு எத்தனை தடவை ஏறி இறங்கும்? 540-ஐச் சக்கர விறைப்பால் வகுத்து, அதற்கு வர்க்கமூலம் எடுத்து, 946-ஐ அந்த எண்ணால் வகுங்கள். வின்ச் இல்லாத காலத்தில் நான் ஓட்டின 800-க்கு (அப்போது ஸ்பிரிங்குக்கு மேலே 480 கிலோதான்) நிமிடத்துக்கு 91 வருகிறது. வின்ச்சோடு 500-க்கு 68. வெறும் வள்ளம் அலைக்கு அலை துள்ளும், மீன் நிறைந்த வள்ளம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், அதே விஷயம்தான். 68 சுகமாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. மேடு பள்ளத்தில் மெதுவாக ஓட்டுகிற வண்டிக்கு 70-80 சரியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. 650-க்குப் போட்டுப் பார்த்தேன், 78.

அப்படியென்றால் 550 போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். அங்கேதான் காக்கா சொன்ன "குழாய்" வருகிறது. என் ஷாக்கின் முழு ஓட்டம் 125 மி.மீ. நிற்கும்போது அதில் 50 மி.மீ. தொங்குவதற்கும், 75 மேலே ஏறுவதற்கும் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். கரடு முரடான தடத்தில் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தேடுவதும், மேலே ஏறுவதற்குச் சமமாக முக்கியம். 500 ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 8.9 கிலோ; 964 கிலோவைத் தாங்க அது 108 மி.மீ. அமுங்க வேண்டும். அதில் 50 வண்டி இறங்கும்போது அமுங்குகிறது என்றால் மீதி 58 மி.மீ. முன்கூட்டியே காலரால் அமுக்கி வைத்திருக்க வேண்டும். அப்புறம் ஷாக் முழுக்க மூடும்போது மொத்தம் 58-ம் 125-ம் சேர்த்து 183 மி.மீ. ஆனால் 12 அங்குல ஸ்பிரிங், அதாவது 305 மி.மீ., கட்டையாக ஒட்டிக்கொள்ளும்போது நீளம் 135. ஆக அமுங்க இடமே 170தான். 13 மி.மீ. பாக்கி இருக்கும்போதே இரும்பு இரும்போடு மோதியிருக்கிறது. ஸ்டாப்பர் ரப்பர் முழுசாக அமுங்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

650-க்கு இதே கணக்கு: 11.6 கிலோ, 83 மி.மீ. அமுங்கும், காலர் 33, முழு ஓட்டத்தோடு 158. அந்த ஸ்பிரிங் ஒட்டிக்கொள்ளும் நீளம் 140, இடம் 165. 7 மி.மீ. மிச்சம். குறைவுதான், ஆனால் ஒட்டாது. ஸ்பிரிங் வாங்கும்போது நீளம், உள்விட்டம், விறைப்பு மூன்றையும் கேட்கிறோம், ஒட்டிக்கொள்ளும் நீளத்தை யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் மொத்தச் சுற்றுகளை எண்ணிக் கம்பித் தடிமனால் பெருக்கினால் பக்கத்தில் வந்துவிடும்.

கம்பித் தடிமன் என்றதும் ஒன்று. என் 500-ன் கம்பி 15 மி.மீ., 650-ன் கம்பி 16. உள்விட்டமும் சுற்றும் ஏறத்தாழ ஒன்றே. ஒரே ஒரு மில்லிமீட்டர்! விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுவதால் அந்த ஒரு மில்லிமீட்டருக்கு முப்பது சதவீதம் கூடிவிடுகிறது. அதேபோல் சுற்று குறைந்தால் விறைப்பு கூடும். ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டிவிட்டால் வண்டி "மென்மையாகும்" என்று நம்புகிற பட்டறைகள் இன்னும் உண்டு. வண்டி இறங்கும், அது உண்மை. மென்மையாகாது, விறைக்கும். இறங்கின வண்டியில் விறைத்த ஸ்பிரிங், மூடுவதற்கு இடமில்லாத ஷாக்.

பழைய "டக்" சத்தத்துக்கு வருகிறேன். காலரைத் திருகினால் ஸ்பிரிங் விறைக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விறைக்காது. நேரான ஸ்பிரிங் எவ்வளவு முன்னமுக்கம் வைத்தாலும் மில்லிமீட்டருக்கு அதே 14.3 கிலோதான் கேட்கும். வண்டி எடையைத் தாங்க 800 ஸ்பிரிங் 60 மி.மீ. அமுங்க வேண்டும் (வின்ச் இல்லாதபோது). அதில் 40-ஐக் கடைக்காரர் காலரிலேயே அமுக்கிவிட்டார். ஆக வண்டியைத் தரையில் இறக்கியதும் ஷாக் மூடியது 20 மி.மீ. மட்டும். சக்கரம் கீழே தொங்க இடம் 36 மி.மீ., மூன்று விரல் அகலம்கூட இல்லை. பள்ளம் அதைவிட ஆழமாக இருந்தால் ஷாக் முழுக்க நீண்டு உள்ளே இரும்பில் தட்டும். அதுதான் "டக்". நான் வண்டி உயரத்துக்காகக் கொடுத்த காசு, சக்கரத்தின் இறக்கத்தைத் தின்றுவிட்டது. உயரம் காலரின் வேலை, விறைப்பு ஸ்பிரிங்கின் வேலை, ஒன்றின் வேலையை மற்றதிடம் வாங்கப் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

650 மாட்டின நாள் வலப்பக்கம் 6 மி.மீ. தாழ்ந்து நின்றது, ஓட்டுபவர் உட்காருகிற பக்கம். என் காலர் ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. ஏறும். சக்கரத்தில் 6 வேண்டுமென்றால் காலரில் 6-ஐ 0.56-ஆல் பெருக்கி 3.4, ஆக ஒன்றே முக்கால் சுற்று. வண்டியை இரண்டு தடவை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளக்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கின உடனே டயர் தன் இடத்துக்கு வந்திருக்காது, அந்த அளவு பொய். உயரம் முடிந்த பிறகு அலைன்மென்ட். முன்னாலேயே பார்த்துவிட்டு வந்து காலரைத் திருகினால் அந்தக் காசு போச்சு. கம்பெனி உயரத்தைவிட நான் 40 மி.மீ.க்கு மேல் ஏற்றவில்லை, அதற்கு மேல் போனால் டிரைவ் ஷாஃப்ட் வளைவு கூடி பூட் (அதன் ரப்பர் உறை) கிழிகிறது.

ஓட்டிப் பார்க்கும் முறை. ஷாக் ராடில் ஒரு கேபிள் டையை இறுக்கமாகவும் இல்லாமல் தொளதொளப்பாகவும் இல்லாமல் கட்டிவிடுங்கள். வண்டி ஓடும்போது ஷாக் எவ்வளவு மூடியதோ அதுவரை டை தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். பத்து ரூபாய்க்குள் வருகிற மீட்டர் இது. ஒரே மூன்று இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் ஓட்டினேன்: கரிலாரிப் பாதையின் நெளிவு, உப்பளக் கரையில் அதே வரப்பு, கடற்கரைக்கு இறங்கும் மணல் தடம். நெளிவில் 45-லிருந்து 50 மி.மீ., வரப்பில் 68. மேலே இருக்கிற 75-ல் கடைசி 25 ரப்பர் வாங்குகிற இடம். மோசமான இடத்தில் ரப்பரைத் தொட வேண்டும், தினமும் தொடக்கூடாது. ஒருநாளும் பாதிக்கு மேல் போகவில்லை என்றால் உங்களுக்கு ஸ்பிரிங் விறைப்பு அதிகம், காசு கொடுத்து வாங்கின ஓட்டத்தில் பாதி சும்மா இருக்கிறது.

இதில் நான் செய்த இன்னொரு முட்டாள்தனம்: 500-ஐ ஓட்டிப் பார்த்ததெல்லாம் மணலுக்காகக் காற்று இறக்கின 18 பி.எஸ்.ஐ. டயரில், 800-ஐ ஓட்டினது 32-ல். டயரும் ஒரு ஸ்பிரிங்தானே. அந்த "சொர்க்கத்தில்" பாதி டயர் கொடுத்தது. காற்றைச் சமமாக வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

நெளிவுப் பாதையில் 650 முதல்நாள் வேறொரு சேட்டை செய்தது. முதல் பத்து நெளிவு நன்றாக இருந்தது, அதற்குப்பின் வண்டி தாழ்ந்துகொண்டே போய் விறைத்துவிட்டது. வரப்பில் மட்டும் நன்றாக இருக்கிறதே, இது என்ன என்று குழம்பினேன். ரீபவுண்டு நாப் (மூடின ஷாக் திரும்பி நீளும் வேகத்தை அடக்குகிற திருகு) காரணம். அது 800-க்காக இறுக்கி வைத்திருந்தது. விறைத்த ஸ்பிரிங் திரும்பி உதைக்கும் வேகத்தைப் பிடிக்க அது தேவை. மென்மையான ஸ்பிரிங்குக்கு அதே இறுக்கம் இருந்தால், சக்கரம் திரும்பிக் கீழே வருவதற்குள் அடுத்த நெளிவு வந்துவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஷாக் மூடியே நிற்கிறது. மூன்று கிளிக் தளர்த்தினேன், போய்விட்டது. ஆக ஸ்பிரிங் மாற்றினால் நாப்பையும் தொட வேண்டும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு. என் நோட்டில் மீன்காரர்கள் பாக்கியும் கிளிக் எண்ணிக்கையும் ஒரே பக்கத்தில் கிடக்கிறது, அது வேறு விஷயம்.

மேலே ஒரு சின்ன ஸ்பிரிங் கீழே ஒரு பெரிய ஸ்பிரிங் என்று இரட்டையாகப் போடுகிறவர்கள் உண்டு. இரண்டும் தொடராக வேலை செய்யும்போது விறைப்பு இரண்டையும்விடக் குறையும். 1,300-ம் 1,300-ம் சேர்ந்தால் 650. ஒரு அளவு மூடியதும் மேல் ஸ்பிரிங் பூட்டிக்கொண்டு கீழது மட்டும் விறைப்பாகத் தாங்கும். வேகமாகப் பாலைவனத்தில் பறக்கிறவர்களுக்கு நல்லது, ஓட்டம் 125 மி.மீ. உள்ள என் ஷாக்கில் அதற்கு இடமில்லை. விட்டுவிட்டேன்.

பாதுகாப்பு பற்றி ஒன்றே ஒன்று, ஆனால் இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். 40 மி.மீ. முன்னமுக்கம் வைத்த 800 ஸ்பிரிங், ஷாக்கைக் கழற்றி மேசையில் வைத்த பிறகும் 570 கிலோ விசையோடு காத்துக்கொண்டிருக்கிறது. மேல் நட்டைத் திறந்தால் எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. காலரை முழுக்கத் தளர்த்தி ஸ்பிரிங் கையால் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேல் நட்டில் ஸ்பேனரை வைப்பது. ஆடவில்லை என்றால் ஸ்பிரிங் கம்பிரஸர் வேண்டும், கயிறும் கம்பியும் கட்டிச் செய்கிற வேலை இல்லை.

அப்புறம் நம் ஊர் உப்பு. கரையில் ஒருநாள் ஓட்டினால் மரைக்குள் ஈர மணலும் உப்பும் போய் உட்கார்ந்துவிடும். அப்படியே காலரைத் திருகினால் மரை கடித்துக்கொள்ளும், அப்புறம் சுத்தியலும் திட்டும்தான். பழைய டூத் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு திருகுங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் நல்ல தண்ணீர் என்று எளிதாக எழுதிவிட்டேன், எங்கள் தெருவில் அது குடத்துக் கணக்கு. ஒரு குடம் இரண்டு ஷாக்குக்குப் போதும், வண்டி முழுக்கக் கழுவ வேண்டியதில்லை. கழுவின பின் மரையில் கிரீஸ் பூசி, பழைய சைக்கிள் டியூபை வெட்டி உறை மாதிரி மாட்டிவிடுவேன். மாதம் ஒரு தடவை கழற்றிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் டியூபுக்குள்ளேயே உப்பு ஊறும்.

மணல் தடம் என்று நான் சொன்னது படகு இறங்குகிற இடத்துக்குப் போகிற பழகிய பாதை. ஸ்பிரிங் டெஸ்ட் பண்ணுகிறேன் என்று தனுஷ்கோடிப் பக்கம் அலையோரமாக ஓட்டாதீர்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஆமை முட்டையிட ஏறுகிற கரை அது, வனத்துறையினர் முட்டை பொறுக்கிக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். டயர் தடத்துப் பள்ளத்தில் விழுந்த குஞ்சுக்குக் கடல் தெரியாது.

இப்போதைக்கு முன்பக்கம் முடிந்தது. பின்பக்கம் வெறும் வண்டியில் இன்னும் உதைக்கிறது, பிளேட் செட் லோடுக்காகக் கட்டினது, என் டூல் பெட்டி அதற்குப் பத்தாது. ஒரு பிளேட்டைக் கழற்றிப் பார்க்கலாம், ஆனால் ஐஸ் பெட்டி ஏற்றுகிற நாளில் எவ்வளவு இறங்கும் என்று முதலில் அளந்துகொண்டு வா என்று காக்கா சொல்லியிருக்கிறார். ஏப்ரல் 15 தடைக்காலம் தொடங்கினால் விசைப்படகெல்லாம் வேலைக்கு வந்து நின்றுவிடும், ஜூன் 14 வரை எனக்குத் தலைதூக்க நேரமிருக்காது. அதற்குள் ஒருநாள் எடைமேடைக்குப் போய்விட்டு அவரிடம் போக வேண்டும், இந்தத் தடவை எடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு.